பதினேழு அங்குல உயரத்தில் ஒரு நகரம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வட்டுக்கோட்டை பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு நேரே உட்கார மூன்று வாங்குகள் உண்டு. முதலாவதன் உயரம் பதினெட்டு அங்குலம். இரண்டாவதும் அதேதான். மூன்றாவது மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்து பதினாறரை. முழங்காலில் நின்று, அளவு நாடா பிடித்து அளந்து சொல்கிறேன்.

காலை ஒன்பதரை மணி. மூன்றாவது வாங்கில் இருந்த பெண் மரக்கறிப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கால்களையும் ஒதுக்கித் தந்தார். எதற்கென்று கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக நேரக் கணிப்பாளர் தன் சின்ன அறையிலிருந்து இறங்கி வந்தார். விசில் கழுத்தில் தொங்கியது. இரண்டு பஸ் புறப்படும் வரை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உதைக் கழட்டப் போறியளோ?"

இல்லை, சும்மா அளக்கிறேன் என்றேன்.

"சும்மா ஆர் அளக்கிறது?"

நியாயமான கேள்விதான். நான் பதினாறரை என்று கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன். அன்றைக்கு நின்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்த வார அத்தியாயம் பாதியில் முடிந்திருக்கும்.

வாசகர் ஒருவரின் கேள்வி

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், நகரத்தில் எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோட்டை, நல்லூர், நூலகம், அதன்பின் ஐஸ்கிறீம் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். என்னிடம் இருப்பது வேறு பட்டியல். இந்த நகரத்தில் எங்கெங்கே உட்காரலாம் என்பதுதான் அது.

யாழ்ப்பாணத்தைப் பெரிய நகரம் என்று சொன்னால் கொழும்பில் இருப்பவர்கள் சிரிக்கலாம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த ஒருவருக்கு எந்த நகரமும் பெரிதுதான்.

அந்த ஒருவர் என் மனைவி ராணி. முப்பத்தோரு வருடம் சங்கீதம் படிப்பித்தவள். பிரதான வீதிப் பக்கம் உள்ள எங்கள் சின்னத் தேவாலயத்தில் பாடகர் குழுவை அவள்தான் நடத்தினாள். ஓர்கனைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவள் கைப்பையில்தான் இருக்கும்.

சத்திரசிகிச்சை முடிந்து நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பயிற்சிக்கு ஓட்டோவில் போனாள். பதினொரு பாடகர்களும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். அவள் ஓர்கனுக்குப் போய்ச் சேரும் வரை எல்லோரும் எழுந்து நின்றார்களாம், சத்தம் காட்டாமல். அன்றைக்கு அவள் ஒரு பாட்டும் படிப்பிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "செத்த வீட்டிலை நிக்கிற மாதிரி நிண்டவை. என்னைப் பார்த்துப் பாவப்படுகிற ஆக்களை நான் எப்பிடிப் பேசித் திருத்திறது?"

ஏசிப் பேசாமல் திருத்துவது அவளுக்கு வராது. அது உண்மை.

ஐப்பசி பிறந்ததும் கரோல் ஆராதனைக்கு ஆயத்தம் தொடங்க வேண்டும். நடத்துவீர்களா, வேறு ஆள் பார்க்கவா என்று தேவாலயச் செயலாளர் மரியாதையாகக் கேட்டிருந்தார். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து தேவாலயம் வரை தன் காலால் நடந்து போக முடிந்தால் நடத்துவது, முடியாவிட்டால் திறப்பைக் கொடுத்துவிடுவது என்று ராணி முடிவெடுத்தாள். திறப்பை ஒரு கடித உறையில் போட்டுச் செயலாளரின் பெயரையும் எழுதி வைத்தாள். அந்தத் திகதி என் டயரியில் இருக்கிறது. அத்தியாயம் ஒன்றுக்கு மூன்று திகதிக்கு மேல் வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் ஒன்றையும் எழுதாமல் விடுகிறேன்.

என் காலும் அவள் காலும்

இருநூறு காலடி நடந்தால் முழங்கால் இறுகிவிடும். இரண்டு நிமிடம் இருந்து எழுந்தால் மறுபடி இருநூறு. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் பிள்ளை இன்னொன்றும் சொல்லியிருந்தாள். தாழ்ந்த இருக்கையில் இருந்தால் எழும்ப முடியாது. பதினேழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

நான் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படியொரு கணக்கைக் கையில் தந்தால் சும்மா இருப்பேனா? திங்கட்கிழமையே நாடாவோடு புறப்பட்டேன். பஸ் நிலையத்திலிருந்து தேவாலயம் வரை என் காலடியில் ஆயிரத்து ஐம்பது. நடுவில் ஐந்து இருக்கை போதும் என்று வந்து சொன்னேன்.

"முத்தத்திலை நடந்து காட்டுங்கோ" என்றாள்.

முற்றத்தில் நடந்து காட்டினேன். அவளும் பக்கத்தில் நடந்தாள். நான் நூற்றிருபது எண்ணும்போது அவள் இருநூறில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை காலாலை நான் போகேலாது."

செவ்வாயும் புதனும் மறுபடி போய் அளந்தேன். ஒன்பது கட்டம், நடுவில் எட்டு இருக்கைகள்.

பறங்கியர் விட்டுப்போனவை

நாங்கள் இருக்கிற கதிரையும் வாங்கும் போர்த்துக்கேயச் சொற்கள். துணிமணி வைக்கிற அலுமாரியும் அப்படித்தான். போர்த்துக்கேயர் வரும் முன்பு எங்கள் ஆட்கள் பாயிலும் பலகையிலும் இருந்திருப்பார்கள். இப்போது முழங்கால் மாற்றியவரிடம் பாயை விரித்துக் காட்ட முடியுமா? நானூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு அந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்லலாம். மற்ற விஷயங்கள் பற்றி முன்பே எழுதிவிட்டேன்.

நான் அளந்ததில் எனக்குப் பிடித்த சில இடங்களைச் சொல்கிறேன். பஸ் நிலையத்தின் இரண்டாவது வாங்கு பதினொரு மணி வரை நிழலில் இருக்கும். கச்சான் கடலை வறுக்கிற வாசனை இலவசம். ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பத்திரிகைக் கடை வாசலில் நீள வாங்கு கிடக்கிறது, ஒரு பக்கம் யாரோ பெயர் வெட்டியிருக்கிறார்கள். அங்கே இருந்தால் தலைப்புச் செய்திகளை வாங்காமலே படிக்கலாம். சைக்கிள் திருத்துபவர் வேப்பமரத்தோடு சேர்த்து அடித்த பலகை அளந்து வைத்ததுபோல் பதினேழு. தையல்காரர் யோகநாதனின் வாசலில் கைபிடி வைத்த மரக் கதிரை உண்டு. எழும்புவதற்குக் கைபிடி எவ்வளவு உதவி என்பது முழங்கால் நல்லாயிருக்கும் வரை தெரியாது. பூங்காவின் சீமெந்து இருக்கை மழை பெய்தால் அடுத்த நாளும் ஈரம். வேம்படி வீதியில் வாய்க்காலுக்கு மேலே கட்டிய ஒரு மதகு.

பண்ணைக் கடலோரம் இந்த வழியில் இல்லை. ஆனாலும் எழுதி வைத்திருக்கிறேன். கந்தோரில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் வல்வெட்டித்துறைப் பக்கத்துக் கடலோடிக் குடும்பம். மாலையில் பண்ணைக்கு வந்தால் கடலுக்கு முதுகு காட்டி வீதியைப் பார்த்துத்தான் இருப்பார். ஏன் என்று கேட்டால், "கடலை வீட்டிலை பாக்கிறன் தானே, இஞ்சை ஆக்களைப் பாப்பம்" என்பார். அப்படி இருந்து பார்த்தால் அந்த வீதி இன்னும் அழகு.

கொடிகாமத்துத் தேங்காய்

வேலையில் சேர்ந்த புதிதில் கொடிகாமம் சந்தைக்கு அருகே ஒரு காணி அளக்கப் போனோம். அப்போது அளப்பதற்குச் சங்கிலிதான். காலையில் சங்கிலியை விரித்தபோது வீதியோரம் தேங்காய்க் குவியல்கள் வரிசையாக இருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எல்லாக் குவியலும் இரண்டு அடி பின்னால் போயிருந்தன. வாழைக்குலைகளும் போயிருந்தன. நாங்கள் அளந்தது சந்தையே அல்ல, பின்னால் இருந்த ஒரு விதவையின் வளவு. எங்கள் பகுதியில் சங்கிலியோ நாடாவோ நிலத்தில் படுவதைப் பார்த்தவர் காரணம் கேட்பதில்லை. முதலில் தன் பொருளை உள்ளே இழுத்துக்கொள்வார். பிறகு பக்கத்துக் கடைக்குச் சொல்வார்.

இதை முப்பத்தைந்து வருடம் கண்ணால் கண்டவன் நான். அப்படியிருந்தும் மூன்று நாள் நகரத்தில் கடை வாசல் வாசலாகக் குனிந்து நாடா பிடித்தேன்.

சனிக்கிழமை

முதல் நாள் பெய்த மழைக்குப் பிறகு வெயில் ஏறியிருந்தது. ராணி பொல்லு கொண்டுவரவில்லை. பொல்லைக் கண்டால் எல்லோரும் விசாரிப்பார்கள் என்று கறுப்புக் குடையை மடித்து ஊன்றினாள். இரண்டே முக்காலுக்குப் பஸ்ஸால் இறங்கி, இரண்டாவது வாங்கில் இரண்டு நிமிடம் இருந்து, புறப்பட்டோம். எண்ணுவது என் வேலை.

இருநூறில் பத்திரிகைக் கடை. கடை திறந்திருந்தது. வாங்கு இல்லை. அது கிடந்த இடத்தில் நாலு கால் தடமும் கொஞ்சச் சருகும் இருந்தன. கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளை அடிக்கப் போகிறார்களாக்கும் என்றேன்.

அடுத்தது வேப்பமரம். மரம் நின்றது, பலகையைக் கழற்றிய ஆணி ஓட்டைகளும் இருந்தன. சைக்கிள் திருத்துபவர் காற்றடிக்கிற பம்பைக்கூட உள்ளே வைத்துவிட்டு, கதவைப் பாதி சாத்தி உள்ளிருந்து வேலை செய்தார். ராணி இப்போது இரண்டு கைகளாலும் குடையைப் பிடித்திருந்தாள். மேலுதட்டில் வியர்வை.

ஓட்டோ ஒன்று தானாகவே வேகத்தைக் குறைத்தது. நான் கை தூக்கப் போனேன்.

"ஓட்டோவிலை ஏறினால் வீட்டைதான் போவன்" என்றாள். "சேர்ச்சுக்கு இல்லை. உறை பையுக்குள்ளை இருக்கு. நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ."

கையை இறக்கினேன். ஓட்டோ போய்விட்டது.

யோகநாதனின் கடைக்கு இன்னும் நூற்றைம்பது காலடி. அதை அவள் எப்படி நடந்தாள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். கடை வாசலில் கைபிடிக் கதிரையும் இல்லை. தகரப் பந்தலையும் மடித்துக் கட்டியிருந்தார்கள். ராணி கதவு நிலையில் சாய்ந்தாள்.

யோகநாதன் மெஷினை நிப்பாட்டினார். அவளுடைய சட்டைகளை இருபது வருடமாகத் தைப்பவர்.

"எங்கை அண்ணை கதிரை?"

"அதையேன் கேக்கிறியள் ரீச்சர். இந்தக் கிழமை ஒராள் நாடாவோடை திரிஞ்சவராம். வாசல் வாசலா அளந்து கொப்பியிலை எழுதினவராம். நடைபாதையைப் பெருப்பிக்கப் போயினமாம். வெளியிலை கிடக்கிறதெல்லாம் அள்ளுவினமாம்."

யார் சொன்னது என்று அவள் கேட்டாள். பஸ் நிலையத்து நேரக் கணிப்பாளர் பத்திரிகைக் கடைக்குச் சொல்ல, அங்கிருந்து வீதி முழுக்கப் போயிருக்கிறது. நான் அந்தக் கதிரையை அளந்தபோது யோகநாதன் சாப்பிடப் போயிருந்தார். ஆளைப் பார்க்காவிட்டாலும் அடையாளம் வைத்திருந்தார்.

"வயசான ஆளாம். கண்ணாடி. சட்டைப் பையிலை மூண்டு பேனையாம்."

கறுப்பு, நீலம், சிவப்பு. கந்தோர்ப் பழக்கம். ராணி தலையைத் திருப்பி என் சட்டைப் பையைப் பார்த்தாள். யோகநாதனும் பார்த்தார்.

"அண்ணை, கதிரை அள்ள வந்த ஆள் இந்தா நிக்கிறார்" என்றாள். "பிடிச்சுக் கட்டுறதெண்டால் கட்டுங்கோ. நான் தடுக்கமாட்டன்."

யோகநாதன் சிரிக்கத் தொடங்கினார். வாயில் இருந்த குண்டூசிகளை அவசரமாகத் துப்ப வேண்டியிருந்தது. ராணியும் சிரித்தாள், ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு. அந்த நாலு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. துணிக் குவியலுக்கு அடியிலிருந்து கதிரை வெளியே வந்தது.

யோகநாதன் தொலைபேசியை எடுத்தார். யாருக்கோ சொன்னார். அது ரீச்சரின்ரை மனுசன் தான், ரீச்சர் இருந்து இருந்து போறதுக்கு அளந்தவராம், பயப்பிடாதையுங்கோ. பிறகு, எங்களைக் கூட்டிக்கொண்டு போக மருந்துக்கடை ஆட்களையும் வரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

ராணி கையை நீட்டி மறித்தாள்.

"ஒராளும் வரக் கூடாது. கை பிடிக்கவும் கூடாது. கதிரை மட்டும் கிடந்தால் காணும்."

"கதைக்கலாமோ ரீச்சர்?"

"கதைக்கலாம்."

மதகு

பொய்ச் செய்தி போன வேகத்துக்குக் குறையாமல் திருத்தமும் போனது. மருந்துக்கடை வாசலில் ஒரு புதுப் பிளாஸ்டிக் கதிரை, விலைத் துண்டோடு. பத்தொன்பது அங்குலம் இருக்கும், நாடாவை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. கடைக்காரர் தெருவை ஆராய்கிறவர் போல் முகத்தை வைத்திருந்தார். அடுத்த இரண்டு இடங்களிலும் கதிரை போட்டிருந்தார்கள். பூங்காவின் சீமெந்து இருக்கை ஈரம், பத்திரிகையை விரித்தோம்.

எட்டாவது இருக்கையில்தான் என் பட்டியலின் இரண்டாவது பிழை தெரிந்தது.

மதகு சரியாகப் பதினேழு அங்குலம், மேலே வாகை மர நிழல், பின்னால் மதில். அளவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுபதைத் தாண்டிய மூன்று பேர் அதில் இருந்தார்கள். எந்தப் பின்னேரமும் இருப்பவர்கள்தான். எங்கள் ஊரில் மதகு ஆண்களுடையது. பள்ளிக்கூடம் விட்ட பொடியனிலிருந்து பென்ஷன்காரர் வரை இருப்பார்கள். ஒரு பெண் மதகில் இருந்து நான் பார்த்ததில்லை. அளந்தபோது இது என் நினைவிலேயே வரவில்லை. ஏன் வரும்? நான் ஐம்பது வருடமாக மதகில் இருக்கிறேன்.

ராணி நின்றாள். தேவாலயத்துக்கு இன்னும் ஒரு கட்டம். இருக்காமல் அதை நடக்க முடியாது. நடுவில் வேறு இடமும் இல்லை. மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வீதியில் போன இரண்டு பெண்கள் சைக்கிளின் வேகத்தைக் குறைத்தார்கள்.

"நான் கொஞ்சம் இருக்கோணும்" என்றாள்.

மூவரும் ஒரே நேரத்தில் எழும்பப் பார்த்தார்கள்.

"எழும்பாதையுங்கோ. அரக்கி இருந்தால் காணும்."

ஒதுங்கி இடம் விட்டு அரக்கி இருந்தார்கள். அவள் குடையை ஊன்றி, சேலையை ஒதுக்கி, மதகில் இருந்தாள். வெள்ளைச் சாரம் கட்டியிருந்த நடு ஆள் தொண்டையைச் செருமினார்.

"ரீச்சர், மதகிலை இருந்தால் அரசியல் தான் கதைக்கோணும். அது இஞ்சத்தைச் சட்டம்."

"கதையுங்கோ" என்றாள் ராணி. "பிழை விட்டால் திருத்துறன்."

இரண்டு நிமிடம் இருப்பதாகத் திட்டம். பதினேழு நிமிடம் இருந்தாள். மாகாண சபையைப் பற்றி அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். கடைசியில் நான்தான் கைக்கடிகாரத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

பதில்

மூன்றரைக்குத் தொடங்குகிற பயிற்சிக்கு நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே யாரோ ஒரு விரலால் சுரம் கொடுக்க, பதினொரு பேரும் அதற்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் படியில் நின்றார். அவர் வாய் திறக்கும் முன் ராணி கைப்பையைத் திறந்து உறையை எடுத்தாள். அவருடைய பெயர் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினாள். பிறகு ஓரத்தைக் கிழித்துத் திறப்பைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, வெறும் உறையை அவரிடம் கொடுத்தாள்.

"பதில் உதுதான்" என்றாள்.

உள்ளே போனாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். பாட்டு நின்றது. கதிரைகள் அசைகிற சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல்.

"ஆர் உங்களைப் பாட்டை நிப்பாட்டச் சொன்னது? நாலு மாதம் நான் வராட்டில் இப்பிடியோ பாடுறது? இரண்டாம் குரல் செத்துப்போச்சு. முதலிலையிருந்து."

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் வரியில் மறுபடி நிறுத்திப் பேசினாள். அதற்குப் பிறகு எனக்குக் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவைப்படவில்லை. ஆனாலும் நின்றேன்.

ஐந்து மணிக்குச் சிறிது முன் அவள் வாசலுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது, பேசியதால்.

"நீங்கள் அஞ்சு மணி பஸ்ஸிலை போங்கோ. இவைக்கு இன்னும் ஒரு பாட்டுக் கிடக்கு. முடிச்சிட்டு வாறன்."

"தனியவோ?"

"தனிய எப்பிடி? வழி முழுக்க ஆக்கள் இருக்கினம் தானே."

அதே வழியால் திரும்பி நடந்தேன். எண்ணவும் இல்லை. பஸ்ஸில் வழக்கம்போல் இரண்டு பேர் இருக்கிற ஆசனத்தின் யன்னல் கரையில் இருந்தேன். பஸ் நிறைந்துகொண்டு வந்தது. முருங்கைக்காய்க் கட்டோடு ஏறிய ஒருவர் என் பக்கத்தில் கிடந்த வெற்றிடத்தைக் கண்டு நின்றார். எங்கள் இருவரையும் பஸ்ஸில் பல நாள் கண்டவராக இருக்க வேண்டும்.

"இதிலை அவ வருவாவோ ஐயா?"

"இல்லை, இருங்கோ" என்றேன். "அவ அடுத்த பஸ்ஸிலை வருவா."